நிர்வாக சபை ஆடு எண்ணலாமா?

வாசகர் கேள்வி, 4 ஆகஸ்ட் 2024

மாங்குளம் பக்கம் சிறிய தொண்டு நிறுவனம் ஒன்றில் இணைப்பாளராக இருக்கிறேன். ஏழு பேர் கொண்ட நிர்வாக சபை. எல்லோரும் நல்லவர்கள், ஒரு சதம் எடுத்ததில்லை. ஆனால் களப் பணியாளர் எந்தக் கிழமை எந்த ஊருக்குப் போக வேண்டும் என்பதிலிருந்து பயனாளிக்கு ஆடா கோழியா என்பது வரை அவர்கள்தான் சொல்கிறார்கள். போன வாரம் பொருளாளர் பயனாளி ஒருவரின் கொட்டிலுக்கே போய் ஆடு எண்ணிவிட்டு வந்தார். சபையை அதன் வேலையோடு நிறுத்துவது எப்படி? சண்டை பிடிக்காமல்.

5 ஆகஸ்ட் 2024

சண்டை பிடிக்காமல் என்று கடைசியில் ஒட்டியிருக்கிறீர்களே, வேலை முழுவதும் அதில்தான் இருக்கிறது.

கிளிநொச்சியில் நெடுங்காலம் இணைப்பாளராக இருந்தவள் நான். இப்போது வேறோர் அமைப்பின் சபையில் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு பக்கத்து எரிச்சலும் தெரியும். அந்த உரிமையில் ஒன்று சொல்கிறேன்: முதல் காரியமாகப் பயிற்சிப் பட்டறை வைத்துவிடாதீர்கள். கொழும்பிலிருந்து வளவாளர் வருவார். பெரிய தாளில் இரண்டு வட்டம் போட்டு ஒன்றில் ஆளுகை, மற்றதில் முகாமைத்துவம் என்று எழுதுவார். சபை தலையாட்டும். மதியம் சோற்றுப் பார்சல் வரும். மறுநாள் காலை ஏழு மணிக்குத் தலைவர் சாரதிக்குப் போன் எடுத்து, "தம்பி, இன்றைக்கு முதலில் முத்தையன்கட்டுக்குப் போ" என்பார்.

ஆடு விஷயம் பொருளாளர் காதுக்கு எப்படிப் போனது? யார் கொண்டுபோனது? அதை முதலில் கண்டுபிடியுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

5 ஆகஸ்ட், இரவு

பதில் வந்துவிட்டது. களப் பணியாளர்களில் ஒருவர் பொருளாளரின் பெறாமகனாம்.

வன்னியில் எந்த அமைப்பை எடுத்தாலும் ஒரு பெறாமகன் இருப்பான். இல்லாவிட்டால் ஒரு மருமகள். ஆட்சேர்ப்பில் ஊழல் என்று இதைச் சொல்ல மாட்டேன். ஊர் சின்னது, படித்த பிள்ளைகள் கொஞ்சம், எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு முறை. சபை உறுப்பினர் கரடிப்போக்குச் சந்தியில் மரக்கறி வாங்கும்போது உங்கள் சாரதியைக் காண்பார். காணாமல் இருக்க வேண்டும் என்றால் அவர் ஊரை விட்டுத்தான் போக வேண்டும். ஆகவே செய்தி போவதைத் தடுக்க மினக்கெடாதீர்கள். செய்தி போகட்டும். அந்தச் சந்தியில் வைத்தே உத்தரவு திரும்பி வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எங்கள் சபையில் நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு மிகச் சாதாரணமானது. யார் எதைக் கேள்விப்பட்டாலும் தலைவரிடம் சொல்லலாம். தலைவர் மட்டும் இணைப்பாளரிடம் பேசுவார். வேறு எவர் சொன்னாலும் அது கருத்து, உத்தரவு ஆகாது. களப் பணியாளரிடம் சபை உறுப்பினர் ஏதாவது செய்யச் சொன்னால், "சரி, இணைப்பாளரிடம் சொல்லிவிடுகிறேன்" என்பதைத் தவிர அவர் வேறெதுவும் சொல்லத் தேவையில்லை. பணியாளர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அந்த வசனத்தைக் கொடுத்த பிறகுதான் தெரிந்தது. அதுவரை அந்தப் பிள்ளைகள் இரண்டு எசமான்களுக்கு நடுவில் நின்றிருக்கிறார்கள்.

9 ஆகஸ்ட் 2024

ஏன் இப்படி நடக்கிறது என்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நமது சபைக்காரர்கள் சபை நடத்தக் கற்றுக்கொண்ட இடம் எது? கோயில் பரிபாலன சபை. அடுத்தது கிராம அபிவிருத்திச் சங்கம், பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்கம். இந்த மூன்றிலும் சம்பளத்துக்கு ஆள் கிடையாது, கோயிலில் ஐயரை விட்டால். திருவிழா என்றால் தலைவர்தான் பந்தல்காரனோடு பேச வேண்டும், செயலாளர்தான் நோட்டீஸ் அடிக்க வேண்டும், பொருளாளர்தான் தேங்காய் எண்ண வேண்டும். தேங்காய் எண்ணாத பொருளாளரை ஊர் மதிக்காது. முப்பது வருடம் தேங்காய் எண்ணியவரைத் தொண்டு நிறுவனச் சபையில் கொண்டுவந்து இருத்திவிட்டு, "ஐயா, நீங்கள் கொள்கையை மட்டும் பாருங்கள்" என்றால் அவர் என்ன செய்வார்? ஆடு எண்ணுவார்.

இன்னொன்று, போர் முடிந்த பிறகு வந்த பழக்கம். 2009 மே மாதத்துக்குப் பிறகு ஆட்கள் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் இருந்தார்கள். 2012 செப்டெம்பரில்தான் அது முற்றாக மூடப்பட்டது. ஊருக்குத் திரும்பி அமைப்புகளை மறுபடி தொடங்கியவர்கள் எல்லாவற்றையும் தங்கள் கையாலேயே செய்தார்கள். அலுவலகம் என்றால் தறப்பாள். மேசை யாரோ ஒருவரின் வீட்டு மேசை. அந்த நாட்களில் வடக்கில் எந்தத் திட்டம் என்றாலும், வடக்கின் மீள்குடியேற்றத்துக்கும் அபிவிருத்திக்கும் என்று அமைத்த சனாதிபதி செயலணியின் அனுமதி வேண்டும்; பயனாளிப் பெயரில் ஓர் எழுத்து பிழைத்தால் கோப்பு திரும்பி வரும். விசாரிக்க வருபவர்களும் பதிவில் பெயர் உள்ள தலைவரையும் செயலாளரையும்தான் தேடி வந்தார்கள், களப் பணியாளரை அல்ல. பெயர்ப் பட்டியலை வரிவரியாகப் பார்க்கும் பழக்கம் அங்கே பிடித்தது. அன்றைக்கு அது தேவையான பயம். இன்றைக்கும் முழுதாகப் போய்விட்டது என்று என்னால் சொல்ல முடியாது.

10 ஆகஸ்ட்

கோயில் சபைகளைக் கேலி செய்கிறேன் என்று ஒருவர் கோபித்திருக்கிறார். இல்லை ஐயா. தேங்காய்க் கணக்கு சரியாக இருக்கும் கோயில்களைத்தான் எனக்குத் தெரியும். பல தொண்டு நிறுவனங்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

18 ஆகஸ்ட் 2024

இணைப்பாளர்களுக்குப் பிடிக்காத ஒன்றை இப்போது எழுதுகிறேன்.

சபை தானாக உள்ளே வருவது பாதி. மீதிப் பாதியை நாங்கள்தான் கூப்பிடுகிறோம். பிறிண்டர் பழுது. திருத்துவதா புதிதாக வாங்குவதா? வரவு செலவுத் திட்டத்தில் பணம் இருக்கிறது, அதிகாரமும் இருக்கிறது. ஆனாலும் இணைப்பாளர் தலைவருக்குப் போன் எடுத்து, "அண்ணை, என்ன செய்வது?" என்று கேட்பார். தெரியாமல் கேட்பதில்லை. நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால் "தலைவரிடம் கேட்டுத்தான் செய்தேன்" என்று சொல்லலாம் அல்லவா, அதற்காக. அண்ணையும் சந்தோஷமாகப் பதில் சொல்வார். வாரத்துக்கு மூன்று தடவை இப்படிக் கேட்டுவிட்டு, நான்காவது தடவை கேட்காமல் எதையாவது செய்யும்போது அவர் முகம் சுருங்கினால், யாரைக் குறை சொல்வது?

கூட்டத்துக்குப் போகும் காகிதங்களையும் பாருங்கள். நான் பார்த்த இணைப்பாளர் அறிக்கைகளில் பெரும்பாலானவை இப்படித்தான்: "இம்மாதம் தருமபுரத்தில் 14 கோழிக்கூடுகள் வழங்கப்பட்டன. விசுவமடுவில் 6 தையல் இயந்திரங்கள் வழங்கப்பட்டன." இதைக் கையில் கொடுத்து ஏழு பேரை இரண்டு மணிநேரம் மேசையைச் சுற்றி இருத்தினால், கூட்டுக்குக் கம்பிவலை எந்தக் கடையில் வாங்கியது என்பதைத் தவிர அவர்கள் வேறு எதைப் பேச முடியும்? கோழிக்கூட்டைக் கொடுத்துவிட்டு, கோழிக்கூட்டைப் பற்றிப் பேசுகிறார்களே என்று அழுகிறோம்.

அதே அறிக்கையில், "கடந்த வருடம் கோழி பெற்ற குடும்பங்களில் பாதிப் பேரிடம் இன்று கோழி இல்லை. இந்தத் திட்டத்தை அடுத்த வருடமும் தொடர்வதா?" என்று ஒரேயொரு வரி போட்டுப் பாருங்கள். கம்பிவலைக் கதை வராது. வந்தாலும் அடங்கிவிடும்.

1 செப்டெம்பர் 2024

எனக்கு நேரில் தெரிந்த ஓர் அமைப்பு. பெயர் வேண்டாம். ஒரு முறை கள்ளக் கணக்கு அகப்பட்டது, சபை பயந்துவிட்டது. இனி ஆயிரம் ரூபாய்க்கு மேல் எல்லாமே காசோலை, எல்லாக் காசோலையிலும் சபை உறுப்பினர் இருவரின் கையொப்பம் என்று தீர்மானம் போட்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. கையொப்பக்காரர்களில் ஒருவர் வவுனியாவில், மற்றவர் யாழ்ப்பாணத்தில். அலுவலகம் நடுவில், ஏ9 வீதி ஓரம். டீசலுக்குக் காசோலை வேண்டும் என்றால் காசோலைப் புத்தகத்தை உறையில் போட்டு பஸ் கொண்டக்டரிடம் கொடுத்து வடக்கே அனுப்புவது, வாங்கித் தெற்கே அனுப்புவது. கொஞ்ச நாள் ஓடியது. பிறகு என்ன நடந்திருக்கும் என்று இந்தத் துறையில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இருவரும் புத்தகம் முழுவதிலும் வெற்றுக் காசோலையாகக் கையொப்பம் வைத்துக் கொடுத்துவிட்டார்கள்.

அந்தப் புத்தகத்தை நான் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தாளிலும் நீல மையில் இரண்டு கையொப்பம், அழகாக, ஒரே அளவில். திகதி இல்லை, பெயர் இல்லை, தொகை இல்லை. மேசை லாச்சியில், பூட்டுக்கூட இல்லாமல், கம் போத்தலுக்குப் பக்கத்தில் கிடந்தது.

மிகக் கடுமையான கட்டுப்பாடு கடைசியில் கட்டுப்பாடே இல்லாத இடத்தில் வந்து நிற்கிறது. சபைக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டும். "எங்களை நம்புங்கள்" என்று மன்றாடினால் காரியம் நடக்காது. "இந்த முறையில் உங்கள் பணம் பாதுகாப்பாக இல்லை" என்று காட்டினால் பொருளாளரே உங்கள் பக்கம் வந்துவிடுவார்.

3 செப்டெம்பர்

சட்டம் கேட்டிருக்கிறார்கள். "கம்பனிச் சட்டப்படி நிர்வாகம் பணிப்பாளர் சபையுடையதுதானே, பிறகு எப்படித் தள்ளி நிற்கச் சொல்வது?"

உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாக, அதாவது பங்குகள் இல்லாமல் உறுப்பினர்களின் உத்தரவாதத்தில் நிற்கும் கம்பனியாகப் பதிந்திருந்தால் உங்களுக்கு 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம். அதன் 184ஆம் பிரிவு, கம்பனியின் அலுவல்கள் சபையாலோ சபையின் பணிப்பு அல்லது மேற்பார்வையின் கீழோ நடத்தப்பட வேண்டும் என்கிறது. இரண்டாவது வழியைச் சட்டமே திறந்து வைத்திருக்கிறது. அடுத்து 187: நல்லெண்ணத்தோடு, கம்பனியின் நலன் என்று தாம் நம்புவதற்கு ஏற்ப நடக்க வேண்டும். ஆடு எண்ணு என்றும் இல்லை, எண்ணாதே என்றும் இல்லை.

1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ் பதிந்தவர்களுக்கு அமைப்பின் விதிகளை எழுதிய யாப்புத்தான் வேதம். யாப்பை எடுத்துப் பாருங்கள். பத்துக்கு எட்டில், இணைப்பாளர் என்ற பதவியே அதில் இருக்காது. இன்னொரு சங்கத்தின் யாப்பைப் பார்த்து எழுதியது, அந்தச் சங்கத்துக்குச் சம்பள ஆள் கிடையாது. அதே சட்டத்துக்கு 1998இல் வந்த திருத்தத்தில், மோசடி அல்லது நிதிக் கையாடல் பற்றிய விசாரணை என்று போனால் இடைக்கால நிர்வாக சபை நியமிக்க அமைச்சருக்கு அதிகாரம் உண்டு. சபைக்காரர்கள் நடுங்குவதில் நியாயம் இல்லாமல் இல்லை.

22 செப்டெம்பர் 2024

நேற்று வாக்குச் சாவடிக் கடமை, உடம்பெல்லாம் நோகிறது. சுருக்கமாக எழுதலாம் என்று தொடங்குகிறேன், பார்ப்போம்.

ஜோன் கார்வர் என்ற அமெரிக்கர் சபைகளுக்கென்று ஒரு முறை வகுத்தார். அதில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். பொறுப்பாளர் என்னென்ன செய்யலாம் என்று பட்டியல் போடாதே, என்னென்ன செய்யக் கூடாது என்று போடு. அதற்குள் வராததெல்லாம் அவர் பாடு. செய்யலாம் என்ற பட்டியல் முடிவதே இல்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒரு வரி சேர்ப்பார்கள். கூடாது என்ற பட்டியல் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும்.

எங்கள் சபையின் "கூடாது" பக்கம் இப்படி இருக்கிறது. வரவு செலவுத் திட்டத்தில் இல்லாத செலவு செய்யக் கூடாது. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட கொள்வனவு மூன்று விலைமனு இல்லாமல் கூடாது. இரண்டரை இலட்சத்துக்கு மேல் சபை பார்க்காமல் கூடாது. ஒரு திட்டத்தின் பணத்தை இன்னொரு திட்டத்துக்குக் கைமாற்றாகக்கூட எடுக்கக் கூடாது. உறவினரை நியமிப்பதானால் தலைவருக்கு எழுத்தில் அறிவிக்காமல் கூடாது. பயனாளியின் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் எங்கும் போடக் கூடாது. ஊழியர் சேமலாப நிதியை ஒரு மாதமும் பிந்தக் கூடாது. இன்னும் இரண்டு மூன்று உண்டு.

இதை நிறைவேற்ற மூன்று கூட்டம் பிடித்தது. தொகைதான் சண்டை. ஒருவர் பத்தாயிரம் என்றார், ஒருவர் ஒரு இலட்சம் என்றார். 2022க்குப் பிறகு விலைவாசி போன போக்கில் பத்தாயிரத்துக்கு மோட்டார் சைக்கிள் ரயர் இரண்டு வாங்க முடியுமா என்று சாரதியைக் கேட்டு வரச் சொன்னோம். அவர் சிரித்தார். அதோடு பத்தாயிரம் விழுந்தது.

6 அக்டோபர் 2024

புலம்பெயர் உறுப்பினர்களைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று மன்னாரிலிருந்து கேட்டிருக்கிறார்கள். பயந்துதான்.

அவர்கள் இல்லாவிட்டால் வன்னியில் பாதி அமைப்புகளுக்கு விளக்குக் கட்டணம் கட்ட முடியாது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் ரொறன்ரோவில் இருந்து சபையில் இருப்பவருக்கு ஊர் என்பது வட்ஸ்அப்பில் வரும் ஊர். அவருடைய ஒன்றுவிட்ட அக்கா புதுக்குடியிருப்பில் இருப்பார். "உங்கள் ஆட்கள் எங்கள் பக்கம் வரவே இல்லை" என்று அக்கா ஒரு குரல் பதிவு போடுவார். அது இரவு பதினொரு மணிக்கு இணைப்பாளரின் போனுக்கு வந்து சேரும், கீழே ஒரு கேள்விக்குறியோடு. அந்த ஒற்றைக் கேள்விக்குறிக்கு எத்தனை இணைப்பாளர்கள் நித்திரை இழந்திருக்கிறார்கள்!

நான் சபைக்கு வந்த பிறகுதான் மற்றப் பக்கம் விளங்கியது. மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம். நடுவில் ஒன்றுமே தெரியாது. பெயர் மட்டும் பதிவில் இருக்கிறது. ஏதாவது பிழைத்தால் நான்கு பேர் என்னிடம் கேட்பார்கள். அந்த நிலையில் போன் எடுத்து "கிணறு வெட்டி முடிந்துவிட்டதா?" என்று கேட்கக் கை பரபரக்கத்தான் செய்யும். அது அதிகார ஆசை என்று இனிமேல் எழுத மாட்டேன். இருட்டில் இருப்பவரின் பதற்றம் அது.

ஆகவே எங்கள் இணைப்பாளரிடம் ஒன்று கேட்டோம். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை ஒரு பக்கம் எழுதி எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். வங்கியில் எவ்வளவு, கட்ட வேண்டியது எவ்வளவு, இந்த மாதம் பிழைத்தது என்ன, அடுத்த மாதம் பயப்படுவது எதற்கு. பிழைத்தது என்ற வரி வெறுமையாக இருந்தால் திருப்பி அனுப்புவோம். ஒன்றும் பிழைக்காத மாதம் என்று ஒன்று இந்த வேலையில் இல்லை. அந்தப் பக்கம் வரத் தொடங்கியதும் கேள்விக்குறிகள் குறைந்தன. அக்கா குறையவில்லை.

10 நவம்பர் 2024

சிரிக்க ஒன்று. எங்கள் கூட்டம் இரவு 7.30க்கு. ரொறன்ரோவில் அப்போது காலை 10, லண்டனில் பிற்பகல் 3. இந்த மாதத் தொடக்கத்தில் ரொறன்ரோவில் மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளினார்கள்; நமது 7.30 அங்கே 9 ஆகிவிட்டது. ரொறன்ரோக்காரர் பழைய நினைப்பில் பத்து மணிக்கு வந்தார். நாங்கள் தீர்மானங்களை முடித்து நன்றியுரையில் நின்றோம். அவர் வராத அந்த ஒரு மணிநேரத்தில் நிகழ்ச்சி நிரலில் இருந்த அத்தனையும் முடிந்திருந்தது. இதை அவரே கவனித்துச் சொல்லிச் சிரித்தார். நல்ல மனிதர்.

30 நவம்பர் 2024

ஒரு வாரமாக மழை. தாழ்நிலத்தில் உள்ள குடும்பங்கள் பள்ளிக்கூடங்களில். இரணைமடுக் குளத்துக்குக் கீழ்ப்பக்கம் இருப்பவர்களுக்கு வான்கதவு திறக்கும் செய்தி என்றால் என்ன என்று தெரியும்.

நான் ஓகஸ்டிலிருந்து எழுதி வருவதெல்லாம் இந்த வாரம் செல்லுமா என்று யோசித்தேன். எங்கள் சபை உறுப்பினர் ஐந்து பேர் வந்து நின்றார்கள், ஒருவர் உழவு இயந்திரத்தோடு. வேண்டாம், நீங்கள் கொள்கை பாருங்கள் என்று சொல்லவா முடியும்? சமைக்கவும் சுமக்கவும் ஆள் வேண்டும்.

தலைவர் செய்தது எனக்குப் பிடித்தது. வந்ததும் இணைப்பாளரிடம் போய், "பிள்ளை, என்னை எங்கே விடுகிறாய்?" என்று கேட்டார். இணைப்பாளருக்கு அவருடைய மகள் வயது. அவள் கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஐயா, நீங்கள் பாய்கள் பகிரும் இடத்தில் பதிவேட்டைப் பிடியுங்கள்" என்றாள். பிடித்தார், மாலைவரை. ஒரு பெண் இரண்டாவது பாய் கேட்டு வந்தபோது, கொடுக்கலாமா என்று இணைப்பாளரிடம் ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். அனர்த்த நேரத்தில் சபை உறுப்பினர் தொண்டராக வரலாம், தொண்டராக வந்தால் இணைப்பாளர் சொல் கேட்க வேண்டும். இதையும் எங்கள் "கூடாது" பக்கத்தில் சேர்க்க வேண்டும். வெயில் வரட்டும்.

15 டிசெம்பர் 2024

மேலே எழுதியதை எல்லாம் திருப்பி வாசித்தேன். ஆடு விஷயத்தில் பொருளாளருக்கு நான் கொஞ்சம் அநியாயம் செய்திருக்கிறேன் போலிருக்கிறது.

ஆடு எண்ணுவது பிழையா? கணக்காய்வாளர் வந்தால் அவரும் மாதிரிக்குச் சில பயனாளிகளைப் போய்ப் பார்ப்பார். கொடுத்ததாக எழுதிய ஆடு கொட்டிலில் நிற்கிறதா என்று பார்ப்பது சபையின் உரிமை, கடமை என்றும் சொல்லலாம். ஆனால் யார், எப்போது, எந்தப் பயனாளி என்று சபை முன்கூட்டியே தீர்மானித்திருக்க வேண்டும். பார்த்ததைச் சபைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அங்கே நின்றபடி, "இந்தக் கிடாயை விற்றுவிட்டு மறியாக வாங்கு, கொட்டிலை வடக்குப் பக்கம் திருப்பு" என்று சொல்லக் கூடாது. முதல் கேள்வி கேட்டவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். பொருளாளர் அன்றைக்கு என்ன சொன்னாராம் தெரியுமா? கொட்டிலைத் திருப்பச் சொன்னாராம். நான் பகிடிக்கு எழுதியது உண்மையாகிவிட்டது.

சபைக்கு வேலை இல்லை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. உங்கள் சபை கடைசியாக எப்போது சேமலாப நிதி கட்டிய பற்றுச்சீட்டைக் கேட்டது? ஊழியர் பங்கு 8 சதவீதம், நிறுவனப் பங்கு 12, அதோடு ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3. சேமலாப நிதியைப் பிந்திக் கட்டினால் மேலதிகக் கட்டணம் 5 சதவீதத்தில் தொடங்கி, ஒரு வருடத்தைத் தாண்டினால் 50 சதவீதம்வரை ஏறும். பதினைந்து பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். திட்டப் பணத்தில் ஓடும் அமைப்புகள் இதற்கு ஒதுக்குவதே இல்லை. திட்டம் முடியும் நாளில் பத்து வருடம் உழைத்த பெண் வந்து கேட்பாள், வங்கியில் இருக்காது. அலுவலகம் நிற்கும் காணிக்கு அனுமதிப்பத்திரம் யார் பெயரில்? பல இடங்களில் செத்துப்போன முன்னாள் தலைவரின் பெயரில். இணைப்பாளர் நாளைக்குக் கனடா போய்விட்டால் அடுத்தவர் யார்? இவற்றை இணைப்பாளரால் தனியாகத் தீர்க்க முடியாது, சபைதான் தீர்க்க வேண்டும். எங்கள் சபையில் இந்த நான்கையும் நான்கு கூட்டங்களுக்கு ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டோம். காணிக் கூட்டம் மூன்று மணிநேரம் ஓடியது. கோழி என்ற பேச்சே வரவில்லை.

16 டிசெம்பர்

பணிக்கொடை: பதினைந்து பேருக்கு "மேல்" என்று நேற்று எழுதியது பிழை, பதினைந்து பேரும் அதற்கு மேலும் என்பதே சரி. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். பதினான்கு பேரோடு நிறுத்திக்கொள்ளும் அமைப்புகள் உண்டு என்று ஒருவர் கண்ணடித்து எழுதியிருக்கிறார். அதற்கு நான் பதில் எழுதப் போவதில்லை.

12 ஜனவரி 2025

முதல் கேள்வி கேட்டவர் தனிச் செய்தி போட்டிருந்தார், அவர் சம்மதத்தோடு இங்கே. "கூடாது" பக்கத்தைக் கூட்டத்துக்குக் கொண்டுபோனாராம். பொருளாளர் எதிர்க்கவில்லை, அதில் தானாகவே இரண்டு வரி சேர்த்தார், இரண்டும் நல்ல வரி. தலைவர்தான் எதிர்த்தார். "அப்படியென்றால் என் வேலை என்ன?" என்று கேட்டுவிட்டுக் கூட்டத்தை ஒத்திவைத்தாராம்.

தலைவர் அந்தக் கதிரைக்கு வந்தது 2011இல். இன்றும் அவரே. யாப்பில் பதவிக்காலம் இரண்டு வருடம் என்று இருக்கிறது, எத்தனை தடவை என்று இல்லை. வருடாந்தப் பொதுக் கூட்டத்தில் ஒவ்வொரு முறையும், "பழைய நிர்வாகமே தொடரட்டும்" என்று ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், கைதட்டல். இது உங்கள் எல்லோருக்கும் தெரிந்த காட்சிதான்.

உச்சவரம்பு போடலாம், தொடர்ந்து மூன்று தடவை என்று. ஆனால் புதிதாக யார் வருவார்கள்? நாற்பது வயதுக்குக் கீழ் உள்ளவர்களைக் கேட்டால் ஒருவர் வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருக்கிறார், ஒருவர் இரண்டு வேலை பார்க்கிறார், ஒருவர் "அந்தப் பெரிசுகளோடு என்னால் முடியாது அக்கா" என்கிறார். எங்கள் சபையிலேயே இரண்டு இடம் ஆறு மாதமாக வெறுமையாகக் கிடக்கிறது. வவுனியாவிலோ முல்லைத்தீவிலோ பதவிக்காலத்துக்கு எல்லை போட்டு, நீண்டகாலத் தலைவரை மனம் நோகாமல் இறக்கி, புதிய ஆட்களையும் பிடித்த சபை ஏதாவது இருந்தால், யாப்பில் அந்தப் பிரிவை எப்படி எழுதினீர்கள் என்று இங்கே போடுங்கள். வருடாந்தப் பொதுக் கூட்டத்துக்கு முன் எனக்கு வேண்டும். அறிவித்தல் அனுப்பும் கடைசி நாள் பெப்ரவரி 15.